எந்த விடு

சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றில் கம்பி பிரஷ்ஷை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். பாதி வழியில் தட்டி நின்றது. மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து கட்டிப்போயிருந்த இடம். உளி முனையால் சுரண்டியபோது பட்டை இரும்பு தெரிந்தது. ஒடிந்த ஆரக்காலுக்கு இரண்டு பக்கமும் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். எல்லா போல்ட்டுகளுக்கும் அறுகோணத் தலை. ஒன்றுக்கு மட்டும் சதுரத் தலை, வண்டி அச்சிலிருந்து கழற்றியது. அதைக் கழற்றும்போது ஸ்பானர் நழுவி யாருடைய விரல் முட்டியைப் பெயர்த்தது என்று எனக்குத் தெரியும். முட்டி என் வீட்டுக்காரருடையது. அன்றைக்கு அவருக்கு இரண்டு கைகளும் இருந்தன.

கொழுந்தனின் பட்டறையில் எனக்குத் துரு எடுக்கும் வேலை. எடுப்பது என்றால் முழுக்க எடுத்துவிடக் கூடாது. தொட்டால் துணியில் ஒட்டுகிற துரு போக வேண்டும், பார்த்தால் தெரிகிற துரு இருக்க வேண்டும். அதன்மேல் எண்ணெய், எண்ணெயின்மேல் மெழுகு. எப்போதாவது பளபளவென்று ஒரு மண்வெட்டி வந்து சேரும், நேற்றுவரை யாரோ வெட்டிக்கொண்டிருந்தது. அதை உப்புத் தண்ணீரில் நனைத்து வெயிலில் போட்டு, துருப்பிடிக்க வைத்து, பிறகு அந்தத் துருவை எடுக்க வேண்டும். அரிவாளில் துரு ஏறினால் அம்மாவிடம் அடி வாங்கி வளர்ந்தவள் நான். இங்கே துரு ஏறாவிட்டால் கொழுந்தனிடம் பேச்சு வாங்குகிறேன். கலப்பைக் கொழு மேஜை விளக்காகிறது. நுகத்தடியில் பல்புகள் தொங்குகின்றன. களைக்கொத்தில் சாவி மாட்டுகிறார்கள். அரிவாளைச் சுவரில் அறைந்து அதன் வளைவில் தொப்பி மாட்டுகிறார்கள். இவற்றைப் பிடித்துக் குனிந்து இடுப்பு போனவர்கள் யாரும் வாங்க வருவதில்லை. வாசல் பலகையில் ‘கைவேலைப் பொருட்கள்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது.

“என்னக்கா, இரும்பு பேசுதா? அப்படியே நின்னுட்டீங்க?” என்று கேட்டான் பத்தவெச்சான். பட்டறையின் வெல்டர். இரும்பைப் பற்ற வைப்பதால் வந்த பெயர் என்று சொல்லிக்கொள்வான். இங்கே கேட்டதை அங்கே சொல்லிப் பற்ற வைப்பதால் வந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

“பழைய இரும்புக் கடையிலேருந்து. மத்ததுக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புவாரு. இதுக்கு மட்டும் மொதலாளியே போயி ஏத்திட்டு வந்தாரு. மேடு பள்ளத்துல வண்டிய நிறுத்தி நிறுத்தி ஓட்டினாரு. புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி.”

அவனே சிரித்துக்கொண்டான். அப்படியானால் கொழுந்தன் தெரிந்தேதான் கொண்டுவந்திருக்கிறான்.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முன்பக்கம் கடைக்குப் போனேன். பட்டறைக்கும் கடைக்கும் நடுவே கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் குளிர்ச்சி, வாசனை, மெல்லிய பாட்டு. என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, மேஜையில் குனிந்து ஒரு பித்தளைத் தகட்டை மஞ்சள் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். நல்ல பெண் என்பதுதான் அவளிடம் தொல்லை.

“வாங்கக்கா. இதப் படிச்சுப் பாருங்களேன், எழுத்து எவ்வளவு அழகா விழுந்திருக்கு.”

படித்தேன். ‘இந்தச் சக்கரம் ஒரு விவசாயியின் கையை வாங்கியது. அவர் தனியாக, கவனமில்லாமல் வேலை செய்தார். நீங்கள் கவனமாகச் சுற்றுங்கள்.’ கடைசி வரிக்குப் பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றையும் பொறித்திருந்தார்கள்.

“ஹோட்டல்காரம்மா கேட்டாங்க. பொருள் மட்டும் போதாது, கதையும் வேணும்னாங்க. இவரு சொன்னதும் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஹோட்டல் வாசல்ல வெக்கப் போறாங்களாம், வர்றவங்க சுத்திப் பாக்கற மாதிரி.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். “மாமா பேரு போடலக்கா. நான்தான் வேணவே வேணாம்னுட்டேன். பாவம், எதுக்கு.”

“தனியான்னு யாரு சொன்னா?”

“என்னக்கா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொல்கிறாள். அவள்மேல் கோபப்பட நியாயம் இல்லை என்பதே எனக்கு அவள்மேல் கோபம். திரும்பி வந்து மெஷினின் மரத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்குகிற மெஷின் அது. மார்பு உயரத்துக்கு ஒரு சக்கரம். அதன் ஆரக்கால்களில் வளைந்த கத்திகள். சக்கரத்தின் விளிம்பில் மரக் கைப்பிடி. சக்கரத்துக்குப் பின்னால் இரும்பு வாய், வாய்க்குள் பல் வைத்த உருளைகள், அதற்கும் பின்னால் நீளத் தொட்டி. தொட்டியில் தட்டை வைத்துத் தள்ளினால் உருளைகள் கவ்வி இழுக்கும், கத்தி வந்து நறுக்கும். சக்கரம் சுற்றினால்தான் உருளையும் சுற்றும். ஒருவர் திணிக்க வேண்டும், இன்னொருவர் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் திணிப்பது என் வீட்டுக்காரர், சுற்றுவது அவர் தம்பி. தட்டுக்கட்டை அவிழ்த்து வாயில் பொருத்திவிட்டு இவர் “விடு” என்பார். அவன் சக்கரத்தை விடுவான். தண்ணீர் விடு, வண்டியை விடு என்கிற மாதிரியான விடு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் பல வருடம் அந்த ஒரு வார்த்தையிலேயே வேலை பார்த்தார்கள். வேறு பேச்சே வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்குத் தட்டுக்கட்டின் கயிறு இவர் சட்டைக் கையில் சுற்றிக்கொண்டது. உருளை கயிற்றைக் கவ்வியது. கயிறு கையை இழுத்தது. இவர் “விடு, விடு” என்று கத்தினார். பிடியை விடு, சக்கரத்தை விட்டுவிடு என்கிற விடு. நான் களத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன், எனக்குக் கேட்டது. என் காதுக்கு அது எந்த விடு என்று தெரிந்தது. அவன் காலை ஊன்றி இன்னொரு முழுச் சுற்று தள்ளினான்.

அப்போது அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நகரத்தில் துணி வியாபாரி. அண்ணன் கையை வெட்டினவனுக்குப் பெண் கொடுப்பாரா என்று மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மயக்கம் தெளிந்ததும் இவரே டாக்டரிடமும் போலீஸ்காரரிடமும் சொல்லிவிட்டார், தனியாகத்தான் இருந்தேன் என்று. துணி வியாபாரிக்கு அந்த மெஷின் எப்படி ஓடும் என்று தெரியாது. தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கல்யாணம் நடந்தது. மாமியார் நிம்மதியாகச் செத்துப்போனாள். மெஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. நிலம் வைத்தியத்துக்குப் போயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு குடோன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். கவனமில்லாதவன் என்ற பெயர் மட்டும் எங்கும் போகாமல் எங்களோடு தங்கிவிட்டது. கல்யாண வீடுகளில் கத்தியோ கத்திரிக்கோலோ அவர் பக்கம் போனால் யாராவது ஒருவர் விளையாட்டாக எடுத்து அந்தப் பக்கம் வைப்பார்கள். சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். குடோனில் சீட்டாடுகிறவர்கள் “ஒரு கை குறையுது, வாங்க” என்று கூப்பிட்டால், “எனக்கும் அதேதான் குறையுது” என்பார். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

நிலம் போன பிறகு கூலி வேலைக்குப் போனேன். முதுகு விட்டுப்போனதும் இங்கே வந்தேன். அண்ணிக்கு வேலை கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் கொழுந்தனுக்கு ஒரு லாபம் இருந்தது. தினமும் அவன் கண்ணெதிரே நடமாடுவதில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. இரண்டு பேரும் கணக்குப் பார்த்துத்தான் சேர்ந்தோம்.

வேன் வந்து நின்றது. கொழுந்தன் இறங்கி, பின்னால் கிடந்த நுகத்தடிகளைப் பத்தவெச்சானிடம் காட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

“அண்ணி, எந்திரிங்க. சாயங்காலம் பார்ட்டி வருது. இன்னும் மெழுகுகூட போடலயா?”

“போட மாட்டேன்.”

“முதுகு வலியா?”

“இது யாரோடதுன்னு தெரியுமா உனக்கு?”

தெரியாது என்று சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

“தெரியும். தெரிஞ்சதனாலதான் வாங்கினேன். எங்கப்பன் வாங்கின மெஷினு. எவனோ உருக்கிக் கம்பி ஆக்கறதுக்கு நான் வித்தா என்ன?”

“வித்துக்கோ. அந்தத் தகட்ட எடு.”

“அது இல்லேன்னா அந்தம்மா இத வாங்காது. சக்கரம் ஊரெல்லாம் கெடக்குது. கதை இருக்கற சக்கரம் இது ஒண்ணுதான்.”

“கதையில நீ எங்கே?”

அவன் கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அது முடிஞ்சு போன விஷயம்.”

“முடிஞ்சத எதுக்குப் பித்தளையில அடிச்சே? தனியான்னு இருக்கற எடத்துல தம்பியோடன்னு போடு. அவ்வளவுதான் கேக்கறேன். யாரு தள்ளினான்னு போட வேணாம். கவனமில்லாமங்கறதக்கூட வெச்சுக்கோ, ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்.”

“போட்டா உள்ள இருக்கறவ படிக்க மாட்டாளா?”

“அதுக்குத்தான் போடச் சொல்றேன்.”

“அவங்கப்பன் பணத்துலதான் இந்தக் கடை நிக்குது. அது தெரியுமா? கடை மூடினா உங்களுக்கும்தான் வேலை இல்ல.”

“உன் கடையில தேய்க்கலேன்னா நான் பாத்திரம் தேய்ப்பேன். தேய்க்கறவளுக்கு எதைத் தேய்ச்சா என்ன?”

பத்தவெச்சான் நுகத்தடிகளை மெதுவாக, மிக மெதுவாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் காது எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கொழுந்தன் அவனை டீ வாங்கிவர அனுப்பினான். அவன் போக மனமில்லாமல் போனான். பிறகு கொழுந்தன் என் பக்கத்தில் வந்து நின்றான். சென்ட் வாசனைக்குக் கீழே இரும்பு வாசனை அவனிடமும் இருந்தது.

“அவன் விடுன்னான், நான் விட்டேன். தெனமும் அவன் விடுன்னா என்ன பண்ணுவேனோ அதத்தான் அன்னிக்கும் பண்ணினேன். நிறுத்துன்னு ஒரு வார்த்தை தமிழ்ல இல்லியா? இருடான்னு சொல்லக் கூடாதா? கைய எடுக்கறதுக்கு முன்னாடி விடுன்னு சொல்லிட்டுக் கத்தினா நான் என்னத்தக் கண்டேன்?”

“கத்தின கத்தல்ல மாடு கயித்த அறுத்துட்டு ஓடுச்சு. மாட்டுக்குப் புரிஞ்சது உனக்குப் புரியல.”

“நான் விட்டிருந்தாலும் சக்கரம் நின்னுருக்காது. அதோட கனம் என்னன்னு தேய்க்கற உங்களுக்குத் தெரியும்.”

“விரல் போயிருக்கும். மணிக்கட்டு போயிருக்காது.”

அவன் முகம் கறுத்தது. “வருஷக்கணக்கா இதையே சொல்லிச் சொல்லி அவனையும் உருப்பட விடல நீங்க. ஒரு கையோட எத்தனையோ பேரு என்னென்னமோ பண்றான். இவன் கேட்டுல உக்காந்துட்டு இருக்கான். அந்தக் கையாலா—”

நிறுத்திக்கொண்டான். எங்கள் குடும்பத்தில் கை என்ற சொல் வரும் இடங்களை எல்லோரும் தாண்டித்தான் நடப்போம். கைமாற்று, கைராசி, கைகழுவுவது எல்லாமே நாக்கு நுனியில் ஒருமுறை இடறும். கையாலாகாதவன் என்பதைத் தாண்ட அவனால் முடியவில்லை. பாதியில் விழுந்துவிட்டான்.

“முடி. ஏன் நிறுத்திட்டே? நிறுத்தறது உனக்கு வராத வேலையாச்சே.”

அவன் கை ஓங்கிவிடுவான் என்று ஒரு கணம் நினைத்தேன். ஓங்கியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் சிரித்தான்.

“சரி. உள்ள போங்க. போயி அவகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரன் இப்ப வந்துடுவான் இல்ல? வந்ததும் அவனையும் கேப்போம். தனியாத்தான் இருந்தேன்னு ஆஸ்பத்திரியில சொன்னது நானா, அவனா? அவன் இன்னிக்கு மாத்திச் சொன்னா நானே தகட்டப் பிடுங்கி எறியறேன்.”

எனக்கு அங்கேதான் சுவர். அவனுக்கும் அது தெரியும். நான் எத்தனை பேரிடம் போய்ச் சொன்னாலும் என் புருஷன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை எனக்கு முன்னால் போய் நிற்கும். அவன் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். தகட்டை வாங்கி வந்து, எனக்கு முன்னாலேயே தொட்டியின் பக்கவாட்டில் வைத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் சுத்தியல் அடித்த அதிர்வு நான் உட்கார்ந்திருந்த பலகை வழியாக முதுகெலும்பில் ஏறியது.

வீட்டுக்காரர் எப்போதும் ஷிப்டு முடிந்து என்னைக் கூட்டிக்கொண்டு போக பட்டறை வாசலுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். அன்றைக்கு பத்தவெச்சான் டீ வாங்கப் போன இடத்தில் அவரைப் பார்த்துப் பற்ற வைத்துவிட்டான் போலிருக்கிறது. நேராக உள்ளே வந்தார். வலது சட்டைக் கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. மாட்டுக் கொட்டகையைத் தாண்டிப் போகும்போது தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிற மனிதர். எங்காவது தட்டு வெட்டும் சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார். நான் எழுந்து சக்கரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். என் உடம்பு மறைத்தது போக இரண்டு பக்கமும் சக்கரம் தெரிந்தது.

“நகரு,” என்றார்.

நகர்ந்தேன். இடது கையால் விளிம்பைத் தொட்டார். பிறகு கத்தியை, பிறகு அந்தச் சதுரத் தலை போல்ட்டை. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எண்ணெய் காணாது,” என்றார்.

நான் பயந்துகொண்டிருந்ததெல்லாம் அப்படியே கோபமாகத் திரும்பியது. “எண்ணெய் இருக்கட்டும். அந்தப் பக்கம் என்ன எழுதியிருக்குன்னு படிங்க.”

குனிந்து படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர், உதடுகள் அசைந்தன. ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். கொழுந்தன் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“உங்க தம்பி சொல்றான், நீங்க சொன்னா எடுத்துடறானாம். சொல்லுங்க. இப்பவாவது சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“விடு.”

“எந்த விடு?”

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவரிடம் அதை நான் கேட்டதே இல்லை. அவர் முகத்தில் யாரோ தண்ணீரை வீசியது போல் இருந்தது. கதவுப் பக்கம் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

“மொத விடு வேலைக்குச் சொன்னது,” என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். “சொல்லிட்டுத்தான் கயித்தப் பாத்தேன். அதுக்கப்பறம் சொன்னது வேற. ரெண்டையும் ஒரே வாயாலதான் சொன்னேன்.”

“கேட்டீங்களா அண்ணி?” என்றான் கொழுந்தன்.

“நீ பேசாத,” என்றார் அவர், தகட்டைப் பார்த்துக்கொண்டே. “தனியா இருந்தேன்னு சொன்னது உன் கல்யாணத்துக்கு. பித்தளையில அடிக்கறதுக்கு இல்ல.”

கொழுந்தன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம். ஹோட்டல்காரம்மா வந்துவிட்டாள். ஓரகத்தி அவளைக் கடை வழியாகச் சிரிக்கச் சிரிக்க அழைத்துக்கொண்டு வந்தாள். கொழுந்தனின் முகம் ஒரே நொடியில் கடைக்காரன் முகமாகிவிட்டது. அந்தம்மா கெட்டவள் இல்லை. சக்கரத்தைப் பார்த்ததும் குழந்தை மாதிரி கை தட்டினாள். என் எண்ணெய்க் கையைப் பிடித்து, “நீங்கதான் சுத்தம் பண்ணினீங்களாம்மா? எவ்வளவு பொறுமை வேணும்,” என்றாள். வீட்டுக்காரரின் மடித்த சட்டைக் கையைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், மறுபடியும் சட்டைக் கையைப் பார்த்தாள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

“இது ஓடுமா?”

“ஓடும் மேடம். கத்தி முனை மட்டும் மழுக்கித் தருவோம். இன்னும் மழுக்கல.”

“மழுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவ நிஜமா வெட்டிக் காமிங்களேன். வீடியோ எடுத்துக்கறேன். ஹோட்டல்ல போடலாம்.”

விளக்குகளைக் கட்டி அனுப்புவதற்காக மூலையில் வைக்கோல் மூட்டை இருந்தது. டீயோடு திரும்பியிருந்த பத்தவெச்சான் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் போட்டான். அந்தம்மா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அப்போது நடந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று முதலில் நினைத்தேன். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கொழுந்தன் நேராகப் போய்ச் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தான். காலை முன்னும் பின்னுமாக அகட்டி வைத்து நின்றான். வீட்டுக்காரர் தொட்டிப் பக்கம் போய் இடது கையால் வைக்கோலை வாரி, இல்லாத வலது கையால் அதைச் சேர்த்து அணைக்கப் போனார். ஊக்கு குத்திய துணி மட்டும் முன்னால் வந்து நின்றது. மாடுகளை அவிழ்த்துவிட்டால் தன் தன் முளைக்குப் போய் நிற்பதைப் போல இரண்டு பேரும் தங்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள்.

“ஓ, ரெண்டு ஆள் வேணுமா இதுக்கு?” என்றாள் ஹோட்டல்காரம்மா போனுக்குப் பின்னாலிருந்து. “தனியா ஓட்டறதுன்னுல்ல நினைச்சேன்.”

ஓரகத்தியின் சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. அவள் தகட்டைப் பார்க்கவில்லை. புருஷன் அகட்டி வைத்திருந்த கால்களைப் பார்த்தாள். பிறகு கைப்பிடிக்கும் இரும்பு வாய்க்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தாள். ஒரு ஆளின் கைகளை எவ்வளவு நீட்டினாலும் எட்டாத தூரம். அவள் அப்பாவின் கடையில் கெஜக்கோல் பிடித்து வளர்ந்தவள், கண்ணாலேயே அளப்பாள்.

“ஏங்க, நீங்க இத ஓட்டியிருக்கீங்களா?” என்று கேட்டாள், மெதுவாக.

“சின்ன வயசுல,” என்றான் கொழுந்தன். “எப்பவாச்சும்.”

வீட்டுக்காரர் வைக்கோலைத் தொட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“மாறிக்கலாம்டா,” என்றார். “எனக்கு ஒத்தக் கை. திணிக்க வராது. சுத்த வரும். நீ இந்தப் பக்கம் வா.”

“இருக்கட்டும்ணே. பத்தவெச்சான் திணிக்கட்டும்.”

“எனக்கு வேலை தெரியாது மொதலாளி,” என்றான் பத்தவெச்சான் உடனே. ஒரு தடவையாவது அவன் வாய் நல்லதற்குத் திறந்தது.

“வாடா,” என்றார் வீட்டுக்காரர். அதட்டவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான்.

அந்தம்மா போனைப் பிடித்தபடி காத்திருந்தாள். கொழுந்தன் கைப்பிடியை விட்டான். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடக்கும்போது உடம்பு படாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். கொழுந்தன் வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. வைக்கோலை அள்ளி இரும்பு வாயில் பொருத்தினான். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் இடது கையால் கைப்பிடியைப் பற்றி, கத்தி உச்சிக்கு வரும்வரை சக்கரத்தை மெல்லத் தூக்கி, அங்கே பிடித்து நிறுத்தினார்.

திணிக்கிறவன்தான் சொல்ல வேண்டும். அதுதான் முறை. வீட்டுக்காரர் தம்பியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவசரமே இல்லாமல் நின்றார். கொழுந்தனின் உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை. வைக்கோல் பிடித்த கை உருளைக்கு நேரே இருந்தது. அந்தக் கையின் ரோமம் எல்லாம் எழுந்து நின்றதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். ஓரகத்தி கண்ணாடிக் கதவை விட்டு நகர்ந்து தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். புருஷன் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை.

“சொல்லுங்க,” என்றாள். “எதாச்சும் சொல்லணும்ல இதுக்கு?”

“ரெடியா?” என்றாள் ஹோட்டல்காரம்மா.

என் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு விரல்களைப் பிரித்துக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கத்தியின் கனம் கீழே இறங்கியது. ஒருவரும் சுற்றாமல் சக்கரம் தானாக அரைச் சுற்று வந்து, கொஞ்சம் பின்னால் போய், முன்னால் வந்து, ஆடி நின்றது. நறுக்கிய வைக்கோல் ஹோட்டல்காரம்மாவின் செருப்பின்மேல் உதிர்ந்தது. அவள் காலை உதறிக்கொண்டு சிரித்தாள்.

கொழுந்தனின் கை அங்கே இல்லை. எப்போது எடுத்தான் என்று யாரும் பார்க்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்து வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, சுவரில் முதுகு ஒட்டி நின்றிருந்தான். பிடித்த பிடியில் விரல் நுனிகள் வெளுத்துக்கொண்டே போயின. ஓரகத்தி அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.